கால் எங்கே இருந்தது

என் மனைவி பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிக்னலில் நின்றிருந்த கார் பாய்ந்து, சாலையைக் கடந்து, திரும்பியபடியே போய் எதிர்ப்புறத்து மதில் முனையில் மோதியது. முனை கதவில் இறங்கியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு. அடுத்த இருக்கையில் இருந்த அவளுடைய அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கியது. அவ்வளவுதான்.

வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். பிரேக் சரியாக இருந்தது. பிரேக் சரியாக இருந்தால் தப்பு ஓட்டியவருடையது. அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் கண் சோதனைக்குப் படித்தவன், கண்ணாடிக் கடையில் வேலை. ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு வில்லையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் போனபிறகு சீக்கிரமே கடைக்குத் திரும்பிவிட்டேன். கல்நெஞ்சுக்காரன் என்று சிலர் பேசியது காதில் விழுந்தது. கடையில் கேள்வி கேட்பவன் நான். வீட்டில் என்றால் ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். எனக்கு அதுதான் வித்தியாசம்.

அவளுடைய அம்மாவை அத்தை என்று கூப்பிடுவேன். கணுக்கால் கட்டோடு அத்தையை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்திருந்தேன். மாமனார் இல்லை. வேறு பிள்ளைகளும் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒருத்தி.

அத்தை டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பெண்கள் சைக்கிள் விட்டாலே திரும்பிப் பார்த்த காலத்தில் ஆண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'காலை எடு டீச்சர்'. கடைத்தெருவில் யாராவது அவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "டீச்சர், இன்னும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு" என்று சிரிப்பார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர் பதறினால் எதை மிதிக்கிறோம் என்று தெரியாமல் ஆக்சிலரேட்டரை அழுத்துவார். எஞ்சின் அலறும். அந்த அலறல் கேட்டதும் அத்தை, "காலை எடு! ரெண்டு காலையும் எடு!" என்று கத்துவார். கற்றுக்கொள்பவர் காலைத் தூக்கிவிட வேண்டும். மற்றதை அத்தையின் கால்கள் பார்த்துக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டிக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அது அத்தையின் பெருமை.

மாமனார் படுத்த படுக்கையானபோது ஸ்கூலை மூடினார்கள். மிஞ்சிய பழைய காரை வீட்டு வண்டியாக மாற்றி எங்களுக்குக் கொடுத்தார் அத்தை. மாற்றும்போது அவர் பக்கத்துப் பெடல்களைக் கழற்றிவிட்டார்கள். "பல்லைப் புடுங்கின மாதிரி இருக்கு" என்று அந்த இடத்தைக் காலால் தடவிக்கொண்டே இருப்பார். விபத்தன்று கணுக்கால் வீங்கியதும் அங்கேதான். பிரேக் இல்லாத இடத்தில், வெறும் தகட்டை, பலம் கொண்ட மட்டும் மிதித்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவர் அழவில்லை. திட்டினார். என்னை அல்ல, மகளை. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதுகூட.

"படிச்சுப் படிச்சு சொன்னேன். செருப்பைக் கழட்டிட்டு ஓட்டுடி, பெடல் உள்ளங்காலுக்குத் தெரியணும்னு. வெறுங்காலோடதானே ஓட்டினா? அப்புறம் எப்படித் தெரியாமப் போகும்? ஊரான் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன். என் வயித்துல பொறந்ததுக்கு எது பிரேக்குன்னு தெரியலை."

நான் கேட்டுக்கொண்டே கடைக்குக் கிளம்புவேன். 

நடந்ததை அவர் ஒரே மாதிரிதான் சொல்வார். மேட்டில் ஏறும் சாலை. சிக்னல் விழுந்ததும் அவள் வண்டியை எடுத்தாள். ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். அவள் நிறுத்தினாள். எஞ்சின் அலறியது.

"நான் காலை எடுன்னு கத்தினேன் தம்பி. என் முகத்தைப் பார்த்தா. எடுத்துட்டா. அதுக்குள்ள பாஞ்சிருச்சு. கொஞ்சம் முன்னாடி கத்தியிருந்தா பொழைச்சிருப்பா. நான் கத்தினதும் லேட்டு, அவ மிதிச்சதும் தப்பு."

அத்தையின் தம்பி, என் மனைவிக்குத் தாய்மாமன், வாரம் தவறாமல் வருவார். வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணை நடத்துவார்.

"பதட்டம்தான் மாப்ளே, வேற ஒண்ணுமில்லை. நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கே கை நடுங்கும். இவ அம்மாவை விடு, அது ஆம்பளை மாதிரி. பின்னாடி நின்ன பஸ் டிரைவர் ஒருத்தன் என்னமோ உளறியிருக்கான் பாரு. காருக்குப் பின்னாடி சிவப்பு பிரேக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம், அணைஞ்சுச்சாம், அப்புறம்தான் வண்டி பாஞ்சுச்சாம். பிரேக்கே மிதிக்கலைங்கிறோம், லைட்டு எங்கேர்ந்து எரியும்? அவன் கண்ணுக்கு நீதான் ஒரு நல்ல கண்ணாடி போட்டு விடணும்."

அத்தை அவரிடம், "டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புடா" என்றார். அவர் குடித்தார். கிளம்பத்தான் இல்லை.

கார் ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில் கிடந்தது. விசாரணை முடிந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போகப் போகிறது, உள்ளே இருக்கும் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். அத்தை கேட்டது ஒன்றுதான். "அவ செருப்பு உள்ள இருக்கும். எடுத்துட்டு வாங்க தம்பி."

மதிய இடைவேளையில் போனேன். மெக்கானிக் பருத்த மனிதர். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "நீங்கதான் கண்ணாடிக்கடை சாரா? எனக்கு வானத்துல போற பிளேன் தெரியும் சார், கையில இருக்கிற நட்டு தெரியாது" என்றார். ஒரு நாள் கடைக்கு வரச் சொன்னேன்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. மறுபக்கமாக ஏறி, இருக்கைக்குக் குறுக்கே படுத்தபடி, கீழே கையை விட்டுத் துழாவினேன். ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்று பெடலுக்குப் பக்கத்தில் தள்ளிப் போயிருந்தது. அதை எட்டும்போது என் மணிக்கட்டு ஆக்சிலரேட்டரில் பட்டது. பெடல் கீழே போனது. கையை எடுத்தேன். பெடல் மேலே வரவில்லை.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"இது மேல வராதா?"

அவர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். "வரணுமே. காலை எடுத்தா ஸ்பிரிங்கு இழுத்துரும்."

"வரலையே."

கம்பியால் நெம்பி பானட்டைத் திறந்தார். பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிளைக் காட்டினார். "சைக்கிள் பிரேக் கம்பி மாதிரிதான் சார் இதுவும். உறைக்குள்ள பின்னல் கம்பி ஓடும். நீங்க மிதிச்சா இழுக்கும், விட்டா திரும்பிரும். நல்லாத்தானே இருக்கு?" என்று அதை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

எனக்குத் தெரிந்தது. உறையின் வாயில் பின்னலின் ஒரு புரி அறுந்து, பின்பக்கமாக வளைந்து நின்றது. தலைமுடிக் கனம்தான். விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தடவினால் வழுக்கியது. மறுபக்கம் தடவினால் மீன்முள்போலக் குத்தியது. இழுக்கும்போது வெளியே வந்துவிடும். திரும்பும்போது உறையின் விளிம்பில் குத்திக்கொண்டு நிற்கும்.

மெக்கானிக்கும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"சோதிக்க வந்தவர் பாக்கலையா?"

"அவரு பிரேக்கை அமுக்கினாரு, நின்னுச்சு, எழுதிட்டுப் போயிட்டாரு. மோதின வேகத்துல கம்பி விடுபட்டுப் பெடல் மேல வந்திருக்கும். செத்த வண்டியில ஆக்சிலரேட்டரை எவன் சார் அமுக்கிப் பாப்பான்?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இது இப்படி மாட்டிக்கிட்டா, ஓட்டறவங்க காலை எடுத்தாலும் எஞ்சின் அலறிக்கிட்டே இருக்குமா?"

"தொண்டை கிழியக் கத்தும். ஆனா பயமில்லை சார். ஒரு கால் கிளட்ச்ல, ஒரு கால் பிரேக்ல வெச்சு அமுக்கிப் புடிச்சா எஞ்சின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாது, வண்டி ஒரு அடி நகராது. சாவியைத் திருப்பினா கதை முடிஞ்சுது."

"அந்த ரெண்டு காலையும் எடுத்துட்டா?"

"ஏன் சார் எடுக்கப் போறாங்க? எந்த மடையன் எடுப்பான்? எடுத்தா பாயாதா?"

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைந்தது. பிறகு பாய்ந்தது. பஸ் டிரைவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

எனக்குத் தலை சுற்றவில்லை. அழுகையும் வரவில்லை. கடையில் சரியான வில்லை விழுந்ததும் சிலர் எழுத்துகளை வேகமாகப் படித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். அப்படி இருந்தேன். அவள் சைக்கிளுக்காகக் காலை மாற்றியிருக்கிறாள். பிரேக்கையும் கிளட்சையும் மிதித்திருக்கிறாள். வண்டி நின்றிருக்கிறது. மாட்டிக்கொண்ட கேபிள் எஞ்சினை அலறவிட்டிருக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருந்த அத்தைக்கு அந்த அலறலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். கத்தியிருக்கிறார். சிறு வயதிலிருந்து அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தவள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இரண்டு காலையும் எடுத்துவிட்டாள். அத்தையின் கால் வெறும் தகட்டை மிதித்தது.

"எழுதிக் குடுங்க சார்" என்றார் மெக்கானிக். "நான் சாட்சி சொல்றேன். பாவம், அந்தப் பொண்ணு மேல போட்டுட்டாங்களே."

கேபிளை உறையோடு வெட்டித் தரச் சொன்னேன். சுருட்டிப் பையில் வைத்தேன். அதை அந்த அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் பெயர் சுத்தமாகிவிடும். அப்புறம் அத்தைக்குத் தெரியாமல் இருக்காது. எஞ்சினைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கேபிள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வீட்டில் அத்தை வாசலிலேயே நின்றார்.

"கெடைச்சுதா?"

செருப்பைக் கொடுத்தேன். முந்தானையால் துடைத்தார்.

"வேற ஏதாவது இருந்துச்சா?"

"வேற ஒண்ணுமில்லை அத்தை."

பையைப் பரணில் வைத்தேன். செத்தவளுக்கு வலிக்காது, இருப்பவருக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தை மறுபடி அவளைத் திட்டினார். எது பிரேக்குன்னு தெரியலை என்றார். மோரை ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். செத்தவளுக்கு வலிக்காது. எனக்கு வலித்தது. அவள் போனபிறகு எனக்கு முதல்முதலாக வலித்தது அதுதான்.

இப்படியே சில வாரங்கள் போயின. பிறகு நர்ஸ் வந்தாள்.

அத்தையின் கணுக்காலுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவள். குண்டாக, சத்தமாக, எங்கே போனாலும் தன் வீடு மாதிரி நடந்துகொள்பவள். ஒரு சாயங்காலம் உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே உட்கார்ந்து, "டீச்சர், கார் வாங்கிட்டேன்" என்றாள்.

"நீயா?"

"ஏன், நான் வாங்கக்கூடாதா? ஷிஃப்ட்டு முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலு தேஞ்சு போச்சு. பழைய வண்டிதான். வண்டிக்கும் எனக்கும் ஒரே வயசு. ரெண்டு பேரும் கத்துவோம், ரெண்டு பேரும் மெதுவாத்தான் போவோம். நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்."

"நான் விட்டுட்டேன்மா."

"நீங்க விட்டா நான் எங்க போறது? வேற எடத்துல அந்த ஆளு கியர் மாத்துறேன்னு தொடையை மாத்துறான். போன வாரம் ஒரு அறை விட்டுட்டு வந்துட்டேன்."

அத்தை சிரித்தார். அவர் சிரித்ததை நான் மறந்தே போயிருந்தேன். நர்ஸ் போனபிறகு அவர் தட்டில் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். அலமாரியிலிருந்து பழைய காட்டன் பேண்ட் ஒன்றை எடுத்து உதறினார். இடுப்பில் பொத்தான் எட்டவில்லை. "டிரைவிங் சொல்லிக்குடுக்கறது வாயாலதானே, இடுப்பாலயா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஊக்குக் குத்தினார். நான் பரணைப் பார்க்காமல் இருந்தேன். நல்லவேளை சொல்லவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை நர்ஸ் மறுபடி வந்தாள். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு பாடம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தார் அத்தை. செருப்பைக் கழற்றச் சொன்னார். தரையில் மூன்று தட்டுகளைக் கவிழ்த்து வைத்து இது கிளட்ச், இது பிரேக், இது ஆக்சிலரேட்டர் என்றார்.

"தட்டு உடைஞ்சா என்னைக் கேக்கக்கூடாது" என்றாள் நர்ஸ்.

"உடையாது, எவர்சில்வர். கவனி. மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல ஒண்ணு. உன் வண்டியில என் பக்கம் பெடல் கெடையாது. அதனால நான் சொல்ற வரைக்கும் நீ காத்திருக்கக்கூடாது. எஞ்சின் அலறினா உன் காலு தப்பான எடத்துல இருக்குன்னு அர்த்தம். அடுத்த நொடி ரெண்டு காலையும் எடுத்துரணும். யோசிக்கக்கூடாது. நான் ஒரு தடவை லேட்டாச் சொல்லிட்டேன்மா. இனிமே லேட்டாகக்கூடாது. எங்க, செய். ட்ர்ர்ர்ர்!"

அத்தை வாயாலேயே எஞ்சின்போல் அலறினார். நர்ஸ் பிரேக் தட்டிலும் கிளட்ச் தட்டிலும் இருந்த கால்களைச் சடாரென்று தூக்கினாள். கால்கள் அந்தரத்தில் நின்றன. சிரித்தாள்.

"சீக்கிரம் போதாது. மறுபடி. ட்ர்ர்ர்ர்!"

மறுபடி தூக்கினாள்.

"இதான். இது உனக்குத் தூக்கத்துலயும் வரணும்."

நான் கதவருகே நின்றேன். பிரேக்கில் இருந்த கால்தான் தூக்கப்படுகிறது. வாசலில் அவளுடைய கார் நிற்கிறது. வண்டிக்கும் எனக்கும் ஒரே வயசு என்றவள். அதன் பானட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போட்ட கணக்கில் இவள் இல்லை.

"இன்னைக்கு வண்டி எடுக்க வேண்டாம்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொதுவாக எதையும் சொல்லாதவன்.

"ஏன் தம்பி?"

"ஞாயித்துக்கிழமை எடுத்துக்கலாம்."

நர்ஸ் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் முகம் பார்த்துப் பழகியவள். "சரி டீச்சர், எனக்கும் இன்னைக்கு நைட்டு டூட்டிதான்" என்று எழுந்து போய்விட்டாள்.

பரணிலிருந்து பையை எடுத்தேன். கவிழ்த்துக் கிடந்த தட்டுகளுக்குப் பக்கத்தில், மேசைமேல் கேபிளை வைத்தேன்.

"நம்ம வண்டியில இருந்தது அத்தை."

என்னவென்று அவர் கேட்கவில்லை. எடுத்தார். உறையை இடதுகையில் பிடித்துக் கம்பியை இழுத்தார். வந்தது. விட்டுத் தள்ளினார். நின்றது. மறுபடி இழுத்தார், தள்ளினார். நின்றது. விரலை நுனிக்குக் கொண்டுபோய் முள்ளைத் தொட்டார்.

"எப்போ எடுத்தீங்க?"

"செருப்பு எடுக்கப் போனப்ப."

"அப்பயிருந்து வெச்சிருக்கீங்க."

"ஆமா."

"ஏன்?"

 அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஏனுக்கான பதிலுக்கு அவராகவே போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். முதலில் கண்ணில் தெரிந்தது. பிறகு கையில். கம்பியை மேசைமேல் மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார்.

"அப்போ அவ காலு எங்க இருந்துச்சு?"

"ஒண்ணு பிரேக்ல. ஒண்ணு கிளட்ச்ல."

"வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"ஆமா. பஸ் டிரைவர் சொன்னது சரி."

"நான் எடுக்கச் சொன்னேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம். நாற்காலியில் தூக்கிய கால்கள் கண்ணுக்கு முன்னால் நின்றன.

"ஆமா அத்தை. அந்தச் சத்தம் கேட்டா உங்களுக்கு வேற எதுவும் தோணியிருக்காது. யாருக்கும் தோணியிருக்காது."

கடைசி வாக்கியம் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கீழே குனிந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். தொட்டிக்குக் கொண்டுபோய்க் கழுவினார். சுத்தமான தட்டுகள்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துப் போய்க் குழாயை மூடினேன். அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சரியாத்தான் மிதிச்சிருக்கா தம்பி" என்றார். "எம்பொண்ணு சரியாத்தான் மிதிச்சிருக்கா."

அப்புறம் அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றேன். அவர் தலையை என் தோளில் சாய்க்கவில்லை, தொட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டார். நான் துண்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொள்ளும்போது என் விரலையும் சேர்த்துப் பிடித்தார். விடவில்லை.

 அடுத்த நாட்களில் அவர் சாப்பிட்டார், பாதி. மகளைத் திட்டவில்லை. அந்தத் திட்டு இல்லாமல் வீடு என்னவோபோல் இருந்தது. தாய்மாமன் வந்து, "பதட்டம்தான்..." என்று ஆரம்பித்தபோது, "அவ பதறலைடா. வாயை மூடு" என்றார். அவர் வாயை மூடினார். அன்று டீயைக் குடித்துவிட்டு உடனே கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வருவாள் என்பதை அத்தை மறந்திருப்பார் என்று நினைத்தேன். காலையில் ஊக்குக் குத்திய பேண்ட்டோடு கூடத்துக்கு வந்தார்.

"தம்பி, உங்க கண்ணு வேணும். வாங்க."

வாசலில் நர்ஸின் கார். பானட்டைத் திறக்கவைத்து, கேபிளை எனக்குக் காட்டினார். நான் உறையின் வாயில் பார்த்தேன். விரலால் இரு பக்கமும் தடவினேன். வழுக்கியது. பெடலை அத்தையே கையால் அமுக்கி விட்டார். மேலே வந்தது. ஐந்தாறு முறை செய்து பார்த்தார். பிறகு முன்சக்கரங்களுக்கு முன்னால் செங்கற்களை வைக்கச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார்.

"இன்னைக்கு வண்டி நகராது" என்றார் நர்ஸிடம். "நீ ஏறி உக்காரு. ஸ்டார்ட் பண்ணு. கிளட்சையும் பிரேக்கையும் மிதி. ஃபர்ஸ்ட் கியர் போடு. அப்படியே இரு. தம்பி, நீங்க பக்கவாட்டுல நில்லுங்க, முன்னாடி நிக்காதீங்க. இந்தக் கம்பியை நான் கதவைத் தட்டினதும் இழுங்க. அலறணும். நல்லா அலறணும்."

அவர் சுற்றிக்கொண்டு போய் அடுத்த இருக்கையில் அமர்ந்தார். திறந்த பானட் மறைத்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது. இழுத்தேன்.

எஞ்சின் அலறியது. என் கைக்குக் கீழே உலோகம் முழுவதும் நடுங்கியது. என் மனைவி கடைசியாகக் கேட்டது இதுதான். நான் கையை விடவில்லை. உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

வண்டி ஒரு குதி குதித்தது. செங்கல்லில் மோதி, இருமி, நின்றது. நான் பின்னால் விலகினேன். நர்ஸ் இரண்டு காலையும் தூக்கியிருந்தாள்.

"அய்யோ, தப்பு பண்ணிட்டேன் டீச்சர்!"

நான் கதவருகே போனேன். அத்தை முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய வலதுகால் தகட்டில் அழுந்தியிருந்தது.

"நீ ஒரு தப்பும் பண்ணலை" என்றார். குரல் மெதுவாக இருந்தது. "நான் சொல்லிக்குடுத்ததைத்தான் செஞ்ச. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு. எம்பொண்ணும் பிரேக்லதான் கால் வெச்சிருந்தா. நான் எடுக்கச் சொன்னேன், எடுத்துட்டா."

 நர்ஸ் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல் இருந்தது.

"இனிமே எஞ்சின் அலறினா எடுக்காத" என்றார் அத்தை. "ரெண்டையும் அமுக்கு. அமுக்கிட்டே சாவியைத் திருப்பு. நான் என்ன கத்தினாலும் எடுக்காத. கேட்டியா? நானே கத்தினாலும்."

"கேட்டேன் டீச்சர்."

"மறுபடி செய்வோம்."

நான் போய்க் கம்பியைப் பிடித்தேன். கதவு தட்டப்பட்டது. அலறியது. இந்தத் தடவை அதையும் மீறி உள்ளிருந்து குரல் கேட்டது. "அமுக்கு! அமுக்கு! சாவி!" ஸ்கூல் நாட்களில் தெருக்கோடி வரை கேட்ட குரல் என்று என் மனைவி சொல்லுவாள். நான் இதற்குமுன் கேட்டதில்லை. வண்டி அசையவில்லை. எஞ்சின் அணைந்தது.

அத்தை கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து, அப்படியே உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"தம்பி, அந்தக் கேபிளை நாளைக்கே கொண்டுபோய்க் குடுங்க. அவ பேர்ல எழுதினதை மாத்தச் சொல்லுங்க."

"உங்களையும் கூப்பிட்டுக் கேப்பாங்க அத்தை. என்ன கத்தினீங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். சொல்றேன்." மூச்சு வாங்கியது. "நீங்களும் கூட வாங்க."

"வரேன்."

அவர் தலையசைத்தார். காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னம்மா பாத்துக்கிட்டு இருக்க? ஸ்டார்ட் பண்ணு."